அரண்மனை உத்தரவை எந்த வாசலில் பிரிப்பது? அன்னவாசல் பக்கம் ஒரு பயணம்

இக்கட்டுரையில் வருவன:

1. ஏன், எப்போது போனேன்.
2. வழி, நேரம், கட்டணம்.
3. இரண்டாகப் பிரிந்த ஊரில் நடந்தது.
4. உள்நாட்டுச் சண்டை ஓர் அரசரின் அதிகாரத்தை எப்படி முடிக்கிறது என்பது பற்றி என் கருத்து.
5. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

வரிசை சற்று மாறலாம்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த மறு மாதம், 1948 சித்திரையில் போனேன். என் மகள் கமலத்துக்கு இரண்டாம் பிரசவம். அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில், கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் பதினோரு வருடச் சண்டை. இரண்டு பக்கமும் ஆள் செத்திருக்கிறது. ஒரு தெருக்காரர் மறு தெருவில் கால் வைப்பதில்லை. கமலத்தின் மாமனார்தான் கீழத்தெரு அம்பலம், அதாவது தலைவர். ஊரில் இருக்கும் ஒரே மருத்துவச்சி காத்தாயியோ மேலத்தெரு.

பிரசவத்துக்கும் சாவுக்கும் தெருத்தடை கூடாது என்று ஓர் உத்தரவு வாங்க அரண்மனைக்கு ஐந்து மாதம் நடந்தேன். முத்திரையோடு அது கைக்கு வந்த வாரம் அரசரின் ஆட்சியே முடிந்துவிட்டது. இருந்தாலும் எடுத்துக்கொண்டேன். வேறு என்ன இருந்தது என்னிடம்?

புதுக்கோட்டையில் காலை ஏழு மணிக்குக் கரி பஸ், அதாவது கரிப்புகையில் ஓடுவது. அன்னவாசலுக்குப் பத்து மைல், ஐந்தணா. எட்டு ஐந்துக்கு இறங்கினேன். அங்கிருந்து கிழக்கே இரண்டு மைல் நடை. தூரத்தில் சித்தன்னவாசல் மலை தெரியும்.

நான் முப்பது வருடம் சரித்திரம் போதித்தவன். குடிகள் இரண்டாகப் பிரிந்து ஆயுதம் எடுத்தால் அரசர் ஒரு பக்கம் சாய நேரும். சாய்ந்தால் மறுபக்கத்துக்கு அவர் அரசரில்லை. சாயாவிட்டால் இருவருக்குமே இல்லை. இந்த ஊரில் அதுதான் நடந்தது. வருடத்துக்கு ஒரு தெரு என்று அரசர் தீர்ப்புச் சொன்னார், இருவரும் ஏற்கவில்லை. கோயிலைப் பூட்டச் சொன்னார். பூட்டு மட்டும் மிஞ்சியது. இணைப்புக்கு முன்பே அவர் அதிகாரம் இங்கே முடிந்துவிட்டது. பட்டியலில் நான்காவதாகச் சொன்ன என் கருத்து இதுவே.

அன்னவாசல் பக்கமிருந்து போனால் முதலில் வருவது மேலத்தெரு. எட்டே முக்காலுக்கு அங்கே பூவரச மரத்தடியில் மேலத்தெரு அம்பலம் உட்கார்ந்திருந்தார்.

"சாரு எங்கிட்டுப் போறீங்க?"

பயத்தில் உடனே தாளைப் பிரித்துக் காட்டினேன்.

"அட, அரமனைக் காயிதம்! மொதல்ல நம்ம வாசலுக்குத்தான் வந்திருக்கு, பாத்துக்கங்கடா. மோர் கொண்டாங்க! சாரு மரியாத தெரிஞ்ச மனுசரு."

உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். தோளில் புதுத்துண்டு போர்த்தினார். இவ்வளவு சுலபமா என்று எனக்கே வியப்பு.

"ஏ காத்தாயி, சாரோட போயிட்டு வா."

"பதினோரு வருசமா அந்தத் தெருவுல வலிச் சத்தம் கேட்டா காதப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். வெரசா நடங்க சார்," என்றாள் அவள்.

கீழத்தெரு முனையில் என் சம்பந்தி நாலைந்து பேரோடு நின்றார். செய்தி எனக்கு முன்பே போயிருந்தது.

"வாங்க சம்பந்தி. புதுத்துண்டு எந்த வாசல்ல போட்டாக?"

"கமலம் எப்படி..."

"விடியமுந்தியே வலி எடுத்துருச்சு. அரமனைக் காயிதத்த எங்கன மொதல்ல பிரிச்சீக?"

"ராஜாவே இல்லையே சம்பந்தி. இது வெறும் தாள்."

"வெறும் தாளுன்னா எதுக்குச் சொமந்துக்கிட்டு வந்தீக? மொத மரியாத மேலத்தெருவுக்குன்னு ராசாவே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சு. இப்ப இவ என் வாசல மிதிச்சா நாங்க அத ஒத்துக்கிட்டதா ஆகும்." சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. வழி மட்டும் விடவில்லை.

கெஞ்சினேன். உரத்துப் பேச எனக்கு வராது. காத்தாயி அரை மணி வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

பத்து மணிக்குக் கீழத்தெரு வண்டியில் கமலத்தை ஏற்றினோம். மேலத்தெரு வழியே போனால் புதுக்கோட்டைக்குப் போகும் கப்பிச்சாலை கிட்டத்தில். வண்டிக்காரர் மாட்டேன் என்றார். கிழக்கே காட்டுப்பாதையில் மூன்று மைல் சுற்று. "அப்பா, மெதுவா ஓட்டச் சொல்லுங்க," என்று ஒருமுறை சொன்னாள். குழந்தை வழியிலேயே பிறந்தது. அழவில்லை. நான்கு மணிக்குப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. கமலம் பிழைத்தாள். அந்த ஊருக்கு அவள் திரும்பவில்லை. என்னோடும் அதிகம் பேசுவதில்லை.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு மேல் சித்தன்னவாசல் பாறையில் செருப்பில்லாமல் ஏற முடியாது, குடிதண்ணீர் கொண்டு போங்கள். அன்னவாசலில் வண்டி பேசும்போது அது எந்தத் தெரு வண்டி என்று கேளுங்கள். கையில் அரசாங்கத் தாள் எதுவும் இருந்தால் எந்த வாசலிலும் தனியாகப் பிரிக்காதீர்கள். இரண்டு அம்பலங்களையும் பூட்டிய கோயில் முன் வரவழைத்து நடுவில் நின்று பிரியுங்கள். எனக்கு அது அன்று தோன்றவில்லை.

நான்காவதாக எழுதியது தவறு. அடித்துவிடலாமென்று பார்த்தேன், மனம் வரவில்லை. சண்டை அரசரின் அதிகாரத்தை முடிக்கவில்லை. இரண்டு தெருவும் பதினோரு வருடம் அடித்துக்கொண்டதே அவர் கையால் முதல் மரியாதை யாருக்கு என்றுதான். அவர் போன பிறகும் அவருடைய அதிகாரம் அந்த ஊரில் இருந்தது. அன்று எட்டே முக்காலிலிருந்து ஒன்பது மணி வரை அது என் கையில் இருந்தது.