கீரையை மட்டும் அளந்தேன்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மாமாவின் மாத்திரை டப்பாவை நிரப்புவது என் வேலை. ஏழு நாளுக்கு ஏழு மூடிகள். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, ரத்தம் கட்டாமல் இருக்க ஒன்று. மாமா என்பது என் கணவரின் அப்பா. இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய இதயத் துடிப்பு சீரில்லாமல் போனதிலிருந்து இந்த மூன்றாவது மாத்திரை உண்டு. அதற்காக மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

கீரை அந்த எண்ணைக் கலைக்கும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். நிறுத்த வேண்டாம், ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்றார்கள். நான் புதன்கிழமை மட்டும் கீரை, ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொண்டேன். மந்தைவெளி மார்க்கெட்டில் முளைக்கீரை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை வாங்க மாட்டேன். என் மகளுக்கு மூன்று வயது. அவளுக்கு இரும்புச்சத்து குறைவு என்பதால் தனியாகக் கடைந்து ஊட்டுவேன். அந்தக் கரண்டி மாமாவின் தட்டில் பட்டுவிடக் கூடாது என்பதில்கூடக் கவனமாக இருந்தேன்.

சென்ற வருடம் அமெரிக்காவிலிருந்து என் கணவரின் அண்ணன் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். மூட்டுவலிக்கு. மஞ்சள் சாரமும் குளுக்கோசமைனும் கலந்த பெரிய மாத்திரைகள். மாமாவுக்கு முட்டி வலி. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"இதையும் டப்பால போட்டுடும்மா. பெரியவன் அனுப்பினது" என்றார்.

பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தேன். வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்கவும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. என் மகளின் வைட்டமின் சொட்டு மருந்திலும் அதேபோல்தான் போட்டிருக்கிறது. மஞ்சள் தினமும் குழம்பில் போடுவதுதானே என்றும் தோன்றியது. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம், கேட்டுக்கொள்ளலாம் என்று காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று போட்டேன்.

அங்கேதான் ஒரு சிக்கல். மாமா முப்பது வருடம் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். டாக்டர் அவரிடம் படித்தவர். மாமா உள்ளே நுழைந்தால் டாக்டர் எழுந்து நிற்பார். மற்ற நோயாளிகளைக் கேட்பதுபோல் அவரைத் துருவிக் கேட்க மாட்டார். அடுத்த வாரம் போனபோதும் ஒரே ஒரு கேள்விதான்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா சார்?"

"இல்லப்பா. நீ குடுத்ததுதான்."

மாமா பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் டாக்டர் எழுதித் தருவதுதான் மருந்து, மகன் அனுப்பியது சத்து. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பழைய மாணவர் முன்னால் மாமாவின் பேச்சைத் திருத்த வாய் வரவில்லை. வெளியே வந்ததும் போன் செய்து கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

முட்டி வலி உண்மையிலேயே குறைந்தது. மாமா தினமும் சாந்தோம் கடற்கரை வரை நடந்தார். அதைப் பார்த்ததும் நானும் அந்தப் போனை மறந்துபோனேன்.

நான்காவது வாரம் அவர் முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டி நீலம் பாரித்திருந்தது. "உன் பொண்ணு புடிச்ச புடி" என்று சிரித்தார். மறுநாள் காலை வாஷ்பேசினில் பல் துலக்கிய நுரை சிவப்பாகக் கிடந்தது. மாதாந்திரப் பரிசோதனைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. வழக்கமாக வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவரை அன்றே வரச்சொன்னேன். அவர் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்தார். பஞ்சு நனைந்தது. இன்னொன்று வைத்தார்.

"இன்னா சாரே, நிக்கவே மாட்டேங்குது. புதுசா எதுனா சாப்டுக்கினு கீறியா?"

"மூணு வேளை சோறு" என்றார் மாமா.

ரத்தம் எடுத்தவர் என்னைப் பார்த்தார். "யம்மா, ரிசல்ட்டுக்கு வெயிட் பண்ணிக்கினு இருக்காதே. டாக்டராண்ட சொல்லு."

மதியம் முடிவு வந்தது. எண் ஆறைத் தாண்டியிருந்தது. மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு மாமாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

டாக்டர் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா சார்? வேற மாத்திரை?"

"ஒண்ணும் இல்லப்பா. எப்பவும்போலத்தான்."

"மாமா மூட்டுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுறாங்க டாக்டர்" என்றேன். "நாலு வாரமா. நான்தான் டப்பால போடுறேன்." பாட்டிலை மேசையில் வைத்தேன்.

மாமா என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் படித்தார்.

"சார், இதுல இருக்கிற ரெண்டுமே ரத்தத்தை இன்னும் இளக்கும். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா இப்பவே நிறுத்திடுங்க. ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரையும் ரெண்டு நாள் வேண்டாம், மூணாம் நாள் திரும்ப டெஸ்ட். அதை மறுபடி எப்ப ஆரம்பிக்கணும்னு நான் சொல்றேன்." பிறகு என்னிடம், "தலைவலி வந்தாலோ, மலம் கறுப்பாப் போனாலோ, கீழே விழுந்தாலோ நேரா ஆஸ்பத்திரி. எனக்குப் போன் பண்ணிட்டு நிக்காதீங்க" என்றார்.

ஆட்டோவில் மாமா ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "நான் என்ன, காப்பி அடிச்சு மாட்டினவனா?"

அன்று மாலை வீடியோவில் கணவரின் அண்ணன். "இங்க பாதிப் பேர் இதான் சாப்பிடுறாங்க. உங்களுக்கு எல்லாமே பயம்தான்." என் கணவர் போனை வைத்துவிட்டு, "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். சற்று நேரம் கழித்து, "அப்பா முன்னாடி சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். எது அதிகத் தவறு, முதல் முறை பேசாததா, பேசாமலே டப்பாவில் போட்டுக்கொண்டிருந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அந்த இரண்டு நாளும் மாமா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றேன். மகளை அவர் மடியில் ஏற விடவில்லை. "தாத்தா ஏன் என்னைத் தூக்கலை?" என்று அவள் கேட்டபோது மாமா பேப்பரைப் புரட்டினார்.

மூன்றாம் நாள் எண் இரண்டரைக்கு வந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன். தலையாட்டினார். நாற்காலியின் கையைப் பிடித்து எழ முயன்று பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"முட்டி பழையபடி வலிக்குது. உன் டாக்டர்கிட்ட கேளு, என்ன சாப்பிடலாம்னு."

அதுவரை அவர் அந்த டாக்டரை 'என் பையன்' என்றுதான் சொல்லிவந்தார். போனை எடுத்தேன். எடுத்துக்கொண்டே, இந்த முறை டாக்டரிடம் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று, அவர் தைலம் ஏதாவது தடவுகிறாரா என்றும் கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் கையை நீட்டி, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன புட்டியை எடுத்து நீட்டினார்.