பேருந்து நிறுத்தச் சுவரில் மஞ்சுளா

புதுப் பெயின்ட்டின் நெடி மூக்கில் ஏறினால் இன்றும் நான் என் நகக் கண்களைப் பார்த்துக்கொள்கிறேன். உத்திரமேரூர் சாலையில் எங்கள் ஊர் நிறுத்தத்தை ஒட்டிப் பள்ளிக்கூடத்தின் நீண்ட மதிலும் அதன் நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சும் இருந்தன. பெஞ்சில் ஊர்க்காரர்கள் உட்காருவார்கள். காலனிப் பெண்கள் எதிர்ப்புறம் மதகடியில் வெயிலில் நின்று, பேருந்து வந்ததும் குறுக்கே ஓடி வருவார்கள். அப்படி நிற்கவேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை; எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அப்படித்தான்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது அந்த மதிலில் படம் வரையச் சென்னையிலிருந்து ஓவியக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். அனுமதி வாங்கிக் கொடுத்தவர் வார்டு மெம்பரான என் நைனா. அவர்களுக்குக் காலை 'நாஷ்டா' எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். தூக்குவாளியைச் சுமந்தவள் நான். இந்த ஊர்ச் சிறுமி ஒருத்தியின் முகத்தைப் பெரிதாக வரையப் போவதாக அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்ட மறுநாளிலிருந்து ரெட்டைச் சடையும் பவுடருமாகப் போய் நின்றேன். வாளியை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் பாப்பா" என்றார்கள். அவ்வளவுதான்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது மஞ்சுளாவை. என் வகுப்புதான்; அவள் அம்மா அஞ்சலை எங்கள் நிலத்தில் நடவுக்கு வருபவள். முன்பல் இரண்டும் விழுந்த வாயை மறைக்காமல் மஞ்சுளா சிரித்த சிரிப்பு ஒரே வாரத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மதிலில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஊருக்குப் பெரிய அதிசயம். ஒருநாள் காலை அஞ்சலை மதகடியை விட்டுச் சாலையைக் கடந்து வந்து, மகளின் முகத்துக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மறுவாரம் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். என் அத்தை மட்டும் வீட்டுக்குள் பொருமினாள்: "நம்ம நெலத்துல நடவு நட்றவ பொண்ணு மூஞ்சியப் பாத்துக்கினுதான் இனிமே பஸ் ஏறணுமா?"

அத்தையின் கோபம் வேறு, என் கோபம் வேறு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே இருக்க வேண்டியது என் முகம் என்பது மட்டும்தான் அன்று எனக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிறு மதியம், சாலையில் ஆளில்லாத நேரத்தில் பெஞ்சின் மேல் ஏறி, கூரான ஜல்லியால் அந்தச் சிரிப்பைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுரண்டினேன். கை வலித்த பிறகும் சுரண்டினேன்.

விடிந்ததும் ஊர் இரண்டுபட்டது. "எங்க புள்ள ஒங்கள இன்னா பண்ணிச்சி?" என்று காலனி ஆண்கள் திரண்டு வர, ஊர்ப் பையன்கள் எதிரே நிற்க, நடுவில் நைனா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "எவன்டா பண்ணது, சொல்லுங்கடா!" என்று கத்தினார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அஞ்சலைதான், "வாணாம், நாளிக்கு நடவு கீது, கலைஞ்சி போங்க" என்று தன் ஆட்களை அழைத்துப் போனாள்.

அன்று வகுப்பில் மஞ்சுளா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் நகக் கண்ணில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்ட்டைப் பார்த்தாள். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

"இன்னாடி, நல்லா இல்லியா அது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கீறல்களோடே அந்த முகம் பல வருடம் சிரித்துக்கொண்டிருந்தது. காலனிப் பெண்களும் அந்தப் பெஞ்சை விட்டுப் போகவில்லை.

போன வருடம் சாலையை அகலப்படுத்த மதிலை இடித்தார்கள். இப்போது அங்கே தகரக் கூரை போட்ட நிழற்குடை ஒன்று நிற்கிறது. அதில் இரும்புக் குழாய் இருக்கை, மதியத்தில் தொட்டால் சுடுகிறது. செங்கல்பட்டில் நர்ஸாக இருக்கும் மஞ்சுளா சென்ற மாதம் போன் செய்தாள்.

"அந்தச் செவுரு போட்டோ ஒண்ணு கீதாடி ஒங்கிட்ட? எம் பொண்ணு பாக்கணுன்றா."

கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் கையில் போனோடு அந்த முகத்தின் முன்னால்தான் பேருந்துக்குக் காத்திருந்தேன். தோழிகளை எடுத்திருக்கிறேன், மழையை எடுத்திருக்கிறேன். அந்த முகம் ஒரு படத்திலும் விழாதபடி ஒவ்வொரு முறையும் போனைத் திருப்பிக்கொண்டவள் நான்தான்.

"இல்லடி" என்றேன்.

"பரவால்ல வுடு" என்று சிரித்தாள்.