போண்டாத் தட்டுக்குப் பக்கத்தில்

எனக்கு ஏழு வயதில் நான்தான் எங்கள் கடையின் விளம்பரப் பலகை. தொப்பூர்க் கணவாய்க்குப் பக்கத்தில் ரோட்டோரமாக அப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். வாசல் பெஞ்சில், போண்டாத் தட்டுக்குப் பக்கத்தில், என்னை உட்கார வைத்துவிடுவார். மழை பொய்த்துப்போயிருந்த காலம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விலா எலும்பு தெரியும். நான் மட்டும் கன்னம் தொங்க, தொடை உரசிப் புண்ணாகி உட்கார்ந்திருப்பேன். லாரிக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு பிரேக் போடுவார்கள்.

"புள்ளையப் பாத்தாலே தெரியுதுங்களே, சோறு எப்படி இருக்கும்னு!"

அப்பாவுக்குப் பெருமை தாங்காது. இன்னொரு போண்டா என் கைக்கு வரும்.

அழுதால் போண்டா. சும்மா இருந்தாலும் போண்டா. தொடை எரிகிறது என்று அம்மாவிடம் போனால், அடுப்பை விட்டுத் திரும்பாமலே ஒரு பூரியை நீட்டுவாள். கொழுத்த பிள்ளைக்கு என்ன குறை என்று ஊரே கேட்டது. ஒரு குறையும் இல்லை. நான் பள்ளிக்கூடம் போகிறேனா இல்லையா என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். பெஞ்சு வெயிலில் சுட்டது. புளியமர நிழலில் நின்ற ஒரு லாரியில் ஏறினேன். ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் படுத்தேன். வயிறு முட்டச் சோறு. தூங்கிப்போனேன்.

விழித்தபோது தர்மபுரி. டீ குடிக்க இறங்கப்போன டிரைவர், துண்டை எடுக்கப் பின்னால் கையை விட்டிருக்கிறார். என் கால்தான் கையில் அகப்பட்டது.

"அய்யோ சாமி! நீ தொப்பூர் ஓட்டல்காரர் புள்ளதானே? போச்சு, புள்ள புடிக்கிறவன்னு என்னைக் கட்டிவச்சு ஒதைக்கப் போறாங்க!"

டீகூடக் குடிக்காமல் லாரியைத் திருப்பினார். வழியெல்லாம் புலம்பல். "உங்கம்மா இந்நேரம் மாருல அடிச்சிக்கினு அழுவா. கெணத்துல ஆள எறக்கித் தேடுவாங்க. வூட்டுக்குப் போனதும் இருக்குது உனக்கு. முதுவுத் தோலு உரியும் பாரு."

எனக்குப் பயமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. காணாமல் போய்க் கிடைத்த பிள்ளைகளை அம்மாக்கள் விளக்குமாற்றால் சாத்துவார்கள். சாத்திவிட்டு அப்படியே கட்டிக்கொண்டு அழுவார்கள். ஊரில் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு எனக்கும் அடி விழும். அடி வாங்க எதற்கு இவ்வளவு ஆசை? எனக்கே விளங்கவில்லை.

கடை வாசலில் அழுகை இல்லை. அப்பா கல்லாவில் இருந்தார். அம்மா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அப்பா, "உள்ள அவங்கம்மாகிட்ட இருக்குதுன்னு நெனச்சேங்க" என்றார்.

"அவங்கப்பாகிட்ட பெஞ்சுல இருக்குதுன்னு நான் நெனச்சேன்" என்று அம்மா சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பசிச்சிருக்குமேடி" என்றாள். பூரியும் கிழங்கும் வந்தன. முதுகு சும்மாவே இருந்தது.

டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், பெத்த புள்ள தர்மபுரி போயிட்டு வந்திருக்குது. தேடவே இல்லியாய்யா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணா. உக்காருங்க, சாப்பாடு போடச் சொல்றேன். காசு வேணாங்க" என்றார் அப்பா.

கை கழுவக் கொடுத்த தண்ணீரை அவர் கீழே வைத்தார். என் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லாரியில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த லாரி எங்கள் கடையில் நின்றதே இல்லை.

எங்கள் கடைக்கு வந்தவர் யாரும் அதுவரை சாப்பிடாமல் போனதில்லை. கிழங்கில் உப்பு கூடிவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பின் ஏன் போனார்? யோசித்துக்கொண்டே தட்டைக் காலி செய்தேன். அம்மா கேட்காமலே இன்னும் இரண்டு பூரி வைத்தாள்.