விளையாட்டில் அவிழ்த்த கயிறு, தொடரில் அறுத்த கயிறு

மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட வருஷம்தான் அந்தத் தொடரும் வந்தது. மாமா என்றால் என் கணவரின் அப்பா. இளம் வயதிலேயே காரைக்காலை விட்டுப் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, எங்கெங்கோ இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அறுவை சிகிச்சை முடிந்து வந்ததும் கூடத்தில், டிவிக்கு எதிரே அவருக்குக் கட்டில் போட்டோம். போட்டோம் என்று எழுதுகிறேன். போட்டது நானும் கீழ்வீட்டில் குடியிருக்கும் ஆட்டோக்காரரும். என் கணவர் அப்போது பிரான்சில் இருந்தார்.

அதற்கு முன்பு அவர் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். எத்தனை முறை துவைத்தாலும் அவர் சட்டைக் காலரில் நிலக்கரியின் நிழல் ஒன்று இருக்கும். அப்பா வழியாகக் குடியுரிமை இருந்ததால் அங்கே ஒரு கிடங்கில் வேலை கிடைத்ததும் கிளம்பினார். நானும் போவதாகத்தான் முதலில் பேச்சு. மாமா வரமாட்டேன் என்றுவிட்டார். "அந்தக் குளிர நான் பாத்தாச்சும்மா. நீங்க போங்க, நான் இருந்துக்கறேன்" என்றார். அவரைத் தனியே விட்டுப் போக எப்படி முடியும்? எனக்கும் இங்கே தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தத் தொடர் ஒரு வீடியோ கேமை வைத்து எடுத்தது. கல்யாணமான புதிதில் நானும் அவரும் சேர்ந்து விளையாடிய கேம். கேம் பெட்டி அவருடையது, பித்து என்னுடையது. கதை சிறியதுதான். கடல் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு தீவில் அக்காவும் தங்கையும் மட்டும் மிஞ்சுகிறார்கள். நாம்தான் தங்கை. அக்காவுக்குக் கால் போய்விட்டது. பழைய படகு ஒன்று இருக்கிறது, அது ஒரு ஆளைத்தான் தாங்கும். பாதி கேம் முழுக்க அந்தப் படகின் ஓட்டையை அடைப்பதும் தண்ணீரை இறைப்பதும்தான். பேச்சே கிடையாது. விளையாடத் தெரியாதவர்கள் பார்த்தால் கொட்டாவி விடுவார்கள்.

கடைசியில் படகின் கயிற்றை அவிழ்க்க வேண்டும். ஒரு பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் முடிச்சு மெல்ல இளகும். விரலை எடுத்தால் பழையபடி இறுகிவிடும். அக்கா கரையில் உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பாதி முடிச்சில் விரலை எடுத்துவிடுவேன். மறுபடி அழுத்துவேன், மறுபடி எடுத்துவிடுவேன். "அழுத்தேன், ஒண்ணும் ஆவாது. கேமுதானே" என்று அவர் சிரிப்பார். பல நாள் அதைத் தள்ளிப்போட்டு, தீவையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். படகு நகர்ந்தபோது இசை எதுவும் வரவில்லை. துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தத் துடுப்பையும் நாம்தான் போட வேண்டும்.

அதனால் தொடர் வருகிறது என்று தெரிந்ததும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பள்ளியில் என்னுடன் வேலை பார்க்கும் அறிவியல் டீச்சர் பட்டினச்சேரிக்காரர். முன்னோட்டத்தை என் செல்போனில் காட்டினேன். மலை உயரத்துக்கு ஒரு அலை எழுந்து வந்தது. அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நாங்க சுனாமி பாத்தவங்க டீச்சர். இந்த மாதிரி சீன் எல்லாம் எனக்கு வேணாம்" என்றார்.

கேமில் அலையே இல்லை. தண்ணீர் வாசற்படியில் ஏறும், பிறகு அடுப்படிக்கு வரும். அதைச் சொன்னேன். அவர் மேஜையிலிருந்த நோட்டுகளை அடுக்கி வைத்தார். பிறகு, "அதுவும் வேணாம்" என்றார்.

எனக்குத் தொடரைப் பார்க்கும் தெம்பே இருந்திருக்காது. பகலில் மாமாவைக் கீழ்வீட்டு ஆட்டோக்காரரின் மனைவி வந்து பார்த்துக்கொள்வார். பள்ளி விட்டு வந்தால் நான் அவருக்குத் துடைத்துவிட வேண்டும், துணி மாற்ற வேண்டும், பிசியோதெரபி தம்பி வந்தால் கூடவே நின்று காலைப் பிடிக்க வேண்டும். பிறகு சமையல், விடைத்தாள். ஆனால் மாமா எந்நேரமும் டிவியைப் பார்த்தபடியே படுத்திருந்தார். செய்தி அலுத்துவிட்டது. சீரியல்களில் எல்லோரும் கத்துகிறார்கள் என்றார். "ஏதாவது மெதுவா போறதா பாத்து வையேம்மா" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று இதுதான் நினைவுக்கு வந்தது.

முதல் நாளே தகராறு. தமிழில் டப்பிங் இருந்தது. தீவுப் பெண்கள் இருவரும் விளம்பரத்தில் சோப்பு விற்கிறவர்கள் மாதிரி பேசினார்கள். மாமா காதைப் பொத்திக்கொண்டார்.

"பிரெஞ்சுல இருக்கான்னு பாரும்மா."

"இருக்கு மாமா. எனக்குப் புரியாதே."

"கீழ தமிழ்ல எழுத்து ஓடும்ல? நீ அதப் படிச்சுக்க."

அப்படியே முடிவானது. அவர் கேட்டார், நான் படித்தேன். நாள் முழுக்கக் கரும்பலகையைப் பார்த்த கண்ணோடு, ஓடுகிற எழுத்தையும் துரத்திக்கொண்டிருந்ததில் முகங்களைத் தவறவிட்டேன். மாமாதான் சொல்வார், "அந்த அக்காக்காரி மொகத்தப் பாத்தியா? அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று.

எனக்கு ஒவ்வொன்றும் குறையாகத் தெரிந்தது. படகின் ஓட்டை ஒரு பாட்டு முடிவதற்குள் அடைபட்டுவிட்டது. கேமில் இல்லாத ஒரு வில்லன், அவனுக்கு ஒரு துப்பாக்கி. தங்கைக்கு ஒரு காதலன் வேறு. "இவன் கேம்ல கெடையாது மாமா" என்பேன். "இதுவும் கெடையாது மாமா" என்பேன். ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ அங்க பாத்ததையே இங்கயும் பாக்கணும்னா, அதையே பாத்துட்டுப் போயேன். என்னை ஏன் நச்சரிக்கிற?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன். அழுகை வந்தது. தொடருக்காக இல்லை. அன்று காலையிலிருந்து நான் உட்காரவே இல்லை.

கயிற்றுக் காட்சி வந்தது. தங்கை அழுகிறாள், முடிச்சைத் தொடுகிறாள், முடியவில்லை என்று தலையை ஆட்டுகிறாள். அக்கா தவழ்ந்து வந்து, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, தானே கயிற்றை அறுத்துவிடுகிறாள். வயலின்கள் எழுகின்றன.

"இது அநியாயம் மாமா. கேம்ல நாமதான் அவிழ்க்கணும். அதான் கதையே. இங்க தங்கச்சிமேல பழி வரக்கூடாதுன்னு அக்கா கையில கத்தியக் குடுத்துட்டாங்க."

மாமா டிவியை நிறுத்தச் சொன்னார். "அந்தக் கேமு வீட்ல இருக்குதா?"

பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன். "மனெத்" என்றார், பிரெஞ்சில் அதற்கு அதுதான் பேராம். நாங்கள் பழைய காலத்தில் விளையாட்டை நிறுத்திச் சேமித்து வைத்திருந்த இடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கயிற்றுக்கு முந்தைய இடத்திலிருந்து தொடங்கினேன். நடக்கவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது. தங்கையைச் சுவரில் முட்டினார், தண்ணீரில் இறக்கினார். "நான்தான் நடக்கலன்னா இவளும் நடக்க மாட்டேங்கறா" என்று சிரித்தார். அவர் விழுந்ததற்குப் பிறகு சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

கரைக்கு வந்தார். நான் பட்டனைக் காட்டினேன். அவரும் என்னைப் போலவே தயங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டைவிரலை வைத்தார், அழுத்தினார், எடுக்கவேயில்லை. முடிச்சு அவிழ்ந்தது. படகு நகர்ந்தது.

"என்ன மாமா, அவ்ளோ சீக்கிரம்?"

"போவணும்னு ஆனப்புறம் நின்னு என்னம்மா பண்றது?" என்றார். துடுப்பு போடத் தெரியாமல் படகு அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. "நான் கெளம்புனப்ப எங்க அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துச்சு. ஒண்ணும் பேசல. நானும் பேசல. பஸ்ஸு எடுத்துட்டான். உன் கேமு சரியாத்தான் வச்சிருக்கு. பாட்டும் கெடையாது, கத்தியும் கெடையாது. அவுத்துக்கிட்டுப் போனது நான்தான்."

எனக்கு ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. சொன்னேன் பார்த்தீர்களா என்ற முகத்தோடுதான் மறுநாள் தொடரின் அடுத்த பகுதியைப் போட்டிருப்பேன்.

அந்தப் பகுதியில் தங்கையே வரவில்லை. படகு போன பிறகு தீவில் இருக்கும் அக்காவை மட்டும் காட்டினார்கள். காலையில் எழுந்து இரண்டு பேருக்குச் சமைக்கிறாள். ஒரு தட்டை வைத்துவிட்டு, இன்னொன்றை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். தண்ணீர் ஏற ஏறச் சாமான்களை மேல்தட்டுக்கு மாற்றுகிறாள். சலித்துப்போய் ஒருநாள் எதையும் மாற்றாமல் படுத்தே கிடக்கிறாள். அழவில்லை. யாரையும் திட்டவில்லை. துணி துவைக்கிறாள், காயப்போடுகிறாள். வசனம் அநேகமாக இல்லை, அதனால் எனக்குப் படிக்க எழுத்தும் இல்லை. முதல்முறையாக ஒரு முகத்தைக் கடைசிவரை பார்த்தேன்.

கேமில் இது கிடையாது. இருக்கவும் முடியாது. கன்ட்ரோலர் நம் கையில் இருக்கிறது, நாம் படகில் இருக்கிறோம். கரை சிறிதாகி மறைந்ததும் அக்கா அவ்வளவுதான். அத்தனை நாள் அந்த விளையாட்டை விளையாடியும், கிளம்பிப் போகிறவளின் வலி என்று ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. போனவளுக்குப் பிறகு அந்த வீட்டில் பொழுது விடிந்தது என்ற நினைப்பே வந்ததில்லை. இத்தனைக்கும் அப்போது நான் அப்படிப்பட்ட வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மாமா என் பக்கம் திரும்பவில்லை. "எங்க அம்மாவும் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார். பிறகு, "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "போய் மொதல்ல சாப்புடு. எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வீடியோவில் வந்தார். அவரும் அங்கே தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியைப் பார்த்து அவருக்கும் கோபம்.

"கெடுத்துட்டானுங்க. அத்தோட நிறுத்திட்டேன்."

"அடுத்ததப் பாருங்க."

"என்ன இருக்கு அதுல?"

"சும்மா பாருங்களேன்."

வாரத்தின் நடுவில், நான் பள்ளியில் மதியச் சாப்பாட்டை முடித்த நேரம் கூப்பிட்டார். அப்போது அவருக்குக் காலை. வேலைக்குப் போகும் வழி. பார்த்தேன் என்றார். அப்பாவுக்கு மாத்திரை இருக்கிறதா, பிசியோ ஒழுங்காக வருகிறானா என்று கேட்டார். பிறகு, "ஒனக்குக் கை வலி இருக்குன்னியே, டாக்டர்ட்ட போனியா?" என்றார். நான் அதைச் சொல்லி மாசமாகியிருந்தது. போகவில்லை என்றேன். "போ. அப்பாவப் பாத்துக்க ஒரு ஆள் போடலாம். நான் பேசறேன்" என்றார். மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போனேன்.

ஆள் கிடைத்தது. நடுவயதுப் பெண்மணி, காலையில் வந்து, நான் திரும்பும்வரை இருப்பார். என் கணவர் மார்கழியில் லீவு போட்டு வந்தார், சில வாரம் இருந்தார். அப்பாவைக் குளிப்பாட்டினார், ஞாயிற்றுச் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிவந்தார். ஊருக்கே திரும்பி வந்துவிடுவது பற்றி இருவரும் ஒருமுறை பேசினோம். பேச்சு பாதியில் நின்றது. கீழவாஞ்சூரில் பழைய வேலை அவருக்காகக் காத்திருக்கவில்லை. விளையாடக் கேமை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கிளம்புகிற அன்று எனக்குப் பரீட்சைக் கண்காணிப்பு இருந்தது. வாசலிலேயே சொல்லிக்கொண்டோம்.

மாமா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். தொடரின் அடுத்த பாகம் வந்திருக்கிறது. தங்கை திரும்பி வருகிறாளாம், அக்கா உயிரோடு இருக்கிறாளாம். மாமா வேண்டாம் என்றுவிட்டார். எனக்கும் பார்க்கத் தோன்றவில்லை. அதற்குப் பதில் மாமா ஒரு சமையல் போட்டி நிகழ்ச்சியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். யார் தோற்றாலும் அவர்களைக் கட்டிப்பிடித்து அனுப்புகிறார்கள், அது அவருக்குப் பிடித்திருக்கிறது. மாலையில் நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். யார் ஜெயித்தார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்குள் தூங்கிவிடுகிறேன்.