அம்மா தேர்ந்தெடுத்த அறிவியல் புத்தகம்

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் எனக்கு மூட்டுக் காய்ச்சல் வந்தது. முழங்கால்கள் வீங்கி, ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு வருடம் பள்ளிக்கூடம் கூடாது, ஓடியாடக் கூடாது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஊசியைத் தவிர மற்றதெல்லாம் எனக்குப் பிடித்தே இருந்தது. அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய தம்பி, அக்கா போகாத பள்ளிக்கூடத்துக்குத் தான் மட்டும் ஏன் போக வேண்டும் என்று கேட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆக, எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்த அம்மாதான் ஆசிரியை.

தலைமையாசிரியை ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வருடக் கடைசியில் அவரே என்னைச் சோதித்துப் பார்ப்பார். தேறினால் ஐந்தாம் வகுப்பு, இல்லையென்றால் மறுபடியும் நான்கு. தமிழுக்கும் கணக்குக்கும் பள்ளிப் புத்தகமே போதும். அறிவியலுக்கு எந்தப் புத்தகமானாலும் சரி, விஷயம் தெரிந்தால் போதும் என்றார்.

அந்த ஒரு சலுகைதான் வீட்டில் சண்டையை மூட்டியது. அப்பா மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்தார். ஒன்று நான்காம் வகுப்புப் பாடநூல். இரண்டாவது, அவரோடு சுரங்கத்தில் ஷிப்ட் பார்க்கும் ஒருவருடைய மகள் படித்து முடித்த ஆங்கிலப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள். மூன்றாவது கடலூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டைகூட இல்லை. மண், கல், நீர், காற்று, செடி, பூச்சி என்று ஆறே பாடங்கள்.

அம்மா அன்று மூன்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். அடுப்பில் சோறு குழைந்துபோனது. பிறகு, அட்டையில்லாததை எடுத்து என் மடியில் வைத்தாள்.

அப்பாவுக்குத் தாங்கவில்லை. “ஏன், கலர் படம் போட்டது என்னா ஆச்சி? இதப் படிச்சா இங்கிலீசும் சேந்து வந்துடும்.”

“எனக்கே வாயில நொழையலிங்க. நான் எப்பிடிச் சொல்லித் தர்றது?”

“அப்ப ஸ்கூல் புக்க எடு. அதுலதான கேள்வி கேப்பாங்க?”

“எழுத்து பொடிசா இருக்கு. புள்ளைக்குக் கண்ணு வலிக்கும்.”

பாடநூலின் எழுத்து அப்படியொன்றும் பொடியாக இல்லை. அப்பா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்துப் பீரோவின் மேல் போட்டுவிட்டார். அம்மா ஜெயித்துவிட்டாள் என்று தம்பி கைதட்டினான்.

ஆறே பாடங்கள் என்றாலும் வருடம் போதவில்லை. மண்பாடத்துக்காக அப்பா தன் சாப்பாட்டுத் தூக்கில் சுரங்கத்து மண்ணைக் கொண்டுவந்தார். ஒரு நாள் மஞ்சள் களிமண், இன்னொரு நாள் வெள்ளை மணல். தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தால் எது முதலில் அடியில் படிகிறது என்று பார்ப்போம். கடைசியில் ஈரமான பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒன்று வந்தது. அம்மா அதைச் சுத்தியலால் தட்டிப் பிளந்தாள். உள்ளே விறகில் இருப்பதுபோல் வரிவரியாக நார் ஓடியது.

“இது என்னா மரம்மா?” என்றான் தம்பி.

“தெரியலடா. நானும் அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்” என்றாள் அம்மா. ஆசிரியை ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சோதனை நாளில் அப்பா என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம்வரை தள்ளிக்கொண்டு வந்தார். அவர் வெளியே நிற்க, அம்மாவும் நானும் உள்ளே போனோம். வேர், நீராவி, களிமண் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நிலக்கரியைப் பற்றி நான் நிறுத்தாமல் பேச, தலைமையாசிரியை போதும் என்று கையைக் காட்டினார். பிறகு கேட்டார்.

“ரத்தத்த உடம்பு முழுக்க அனுப்புறது எது?”

சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் எப்படி வெளியேற்றுகிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். “பம்பு மோட்டார், டீச்சர்.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, அது உடம்புல எங்க இருக்கு?”

நான் யோசித்து வயிற்றில் கைவைத்தேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, “அந்தப் பாடத்த நான் நடத்தலிங்க டீச்சர்” என்றாள்.

தலைமையாசிரியையின் சிரிப்பு நின்றது. அம்மா கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்த டாக்டர் கடிதத்தை எடுத்துப் படித்தார். காய்ச்சல் என் இதயத்தின் வால்வைத் தொட்டுவிட்டது என்று அதில் எழுதியிருந்ததை, பல வருடங்கள் கழித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அப்போது என்னை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் தேறவில்லை, அதனால்தான் அழுகிறாள் என்று முடிவுசெய்துகொண்டேன்.

உண்மையில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். அந்த ஒரு பாடத்தை மட்டும் பள்ளி திறப்பதற்குள் படித்துவிட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். எனக்கோ அவமானம் ஆறவில்லை. வரும் வழியெல்லாம், “ஒன்னாலதாம்மா தப்பா சொன்னேன். ஸ்கூல் புக்க எடுத்திருந்தா சொல்லியிருப்பேன்” என்று கத்தினேன். அப்பா அதட்ட வாயெடுத்தார். அம்மா அவரைத் தடுத்தாள்.

“அவ சொல்றது சரிதான். என்மேலதான் தப்பு.”

மறுநாள் காலை அம்மா பாடநூலைப் பீரோமேலிருந்து எடுத்துத் தூசி தட்டினாள். தரையில் சாக்கட்டியால் பெரிய இதயம் வரைந்து, உள்ளே நான்கு அறைகள் பிரித்தாள். நாம் தூங்கும்போதும் அது சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும் என்று வாசித்தாள். இவ்வளவு சுலபமான பாடத்தை வருடம் முழுக்க ஏன் ஒளித்துவைத்தாள் என்று எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

“அது நின்னுட்டா என்னாம்மா ஆவும்?” என்றேன்.

அம்மாவின் விரல் வரியிலேயே நின்றது.

“அது பாடத்துல இல்ல. அடுத்த கேள்வியப் படி.”

நான் நம்பாமல் புத்தகத்தை வாங்கிப் பாடம் முழுவதையும் தேடிப் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான், அது எங்கேயும் இல்லை. திருப்தியோடு அடுத்த கேள்வியைச் சத்தமாகப் படித்தேன்.