புரையேறினால் நினைக்கிறார்களாம்

முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையை முகர்ந்தவர்களுக்கு என் அத்தையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் அக்கா அவள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு தோப்புக்காரரிடம், திறந்த சட்டியில் கொட்டை வறுத்து உடைத்தே இருபது வருஷம் கழித்தவள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பற்றி எரியும்; அந்தக் கரும்புகை அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் வருமா என்று தபால்காரரை விரட்டிக்கொண்டிருந்த வருஷம், வேலையை விட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும்.

அது எல்லோருக்கும் தெரியும். சோறு இறங்காமல் அவள் பட்ட பாட்டைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை.

சாப்பிட உட்கார்ந்தால் நாலாவது வாயில் புரையேறும். உடனே வீடு சிரிக்கும்.

"மச்சான் நெனைக்கிறாரு" என்பார் அப்பா. மச்சான் என்றால் அத்தையின் புருஷன். நான் பிறப்பதற்கு முன்பே கண்டிக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். கடுதாசி நின்றே பல வருஷம்.

"இன்னிக்கு ரெண்டு தடவை நெனைச்சுட்டாரு அண்ணி. அங்கிட்டு வேலைவெட்டி இல்லை போல" என்பாள் அம்மா.

உச்சந்தலையில் ஒரு கை தட்டும். செம்புத் தண்ணீர் வாயில் சாயும். இருமல் இரண்டு மடங்காகும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தையும் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கடுதாசி போட நினைப்பு வராத மனுஷனுக்குச் சோற்று நேரம் பார்த்து நினைப்பு வருகிறதாம்.

அத்தை மெலிந்துகொண்டே போனாள். சோற்றைப் பார்த்தாலே "பசிக்கலத்தா" என்றாள். ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்து இருமல் மருந்து எழுதினார்.

"சாப்பிடுறப்ப புரையேறுதுங்க" என்றேன்.

"வயசாச்சுல்ல, மெதுவாச் சாப்பிடச் சொல்லு" என்று அடுத்த சீட்டை எடுத்தார். வயசாம். அவளுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து நானே பார்க்க ஆரம்பித்தேன். மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு ஒரு வாய் விழுங்கினேன். விழுங்கியதும் காற்று வெளியே வந்தது. திரும்பத் திரும்ப அப்படித்தான். அத்தை சாப்பிடும்போது அவள் மூக்கருகே விரலை நீட்டினேன்.

"என்ன புள்ள, உசுரு இருக்கான்னு பாக்குறியா?" என்றாள்.

விழுங்கின கையோடு அவள் காற்றை உள்ளே இழுத்தாள். தொண்டையில் நின்ற மிச்சம் அதோடு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் என்ன செய்யும்? விழுங்குகிற நேரம் மூச்சை நிறுத்த வேண்டும். நிறுத்திவைக்க அவளிடம் மூச்சு ஏது?

மறுநாள் மத்தியானம் ரசச் சோற்றில் புரையேறி அவள் உதடு நீலம் பாரித்தது. அப்பா தலையில் தட்டினார். அம்மா செம்போடு வந்தாள். நான் செம்பைத் தட்டிவிட்டேன்.

"பெத்தவ கையையே தட்டுறியா? படிச்ச திமிரு" என்றாள் அம்மா.

"தண்ணிதான் அவங்களைக் கொல்லுது. குனியவிட்டு இருமவிடுங்க."

அத்தை முன்னால் குனிந்து, இருமி இருமி, பருக்கைகளைத் துப்பினாள். வெகுநேரம் கழித்து அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "பசிக்காம இல்ல. பயமா இருக்கு."

அம்மா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் நான் சொன்னதுதான் சட்டம். மூச்சு அடங்கும்வரை சும்மா உட்கார வேண்டும். ரசம் கூடாது, கெட்டிக் கூழ், அரைக் கரண்டி. விழுங்கியதும் மூச்சை வெளியே விட வேண்டும், அதன் பிறகே அடுத்த வாய். யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆனது. முணுமுணுத்துக்கொண்டே கேப்பைக் கூழை அம்மாதான் துழாவினாள். இழுப்பு போகவில்லை, அது போகிற வியாதி இல்லை. புரையேறுவது நின்றது.

எட்டு நாள் ஆயிற்று. கிண்ணத்தை வழித்துவிட்டு அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவுக இப்பல்லாம் நெனைக்கிறதே இல்லை போல."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்த மனுஷனைப் பற்றி நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

"இன்னும் அரைக் கரண்டி வைக்கவா அத்தை?"

மூச்சை முழுக்க விட்டாள். "வை" என்றாள்.