கறுக்கிற உருக்கும் கறுக்காத உருக்கும்

கத்தி உருக்கில் எத்தனையோ சாதி இருக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் பெயரும் இலக்கமும் உண்டாம். எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று கறுக்கிற உருக்கு, மற்றது கறுக்காத உருக்கு. கறுக்கிறது என் மடியில் இருந்தது. கறுக்காதது என் சகலனின் சட்டைப் பையில் இருந்தது. அந்த வித்தியாசத்திலேயே எனக்கு ஒரு வருசம் போய்விட்டது.

என் கத்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வில்லுக்கத்தி. மடக்கினால் கைக்குள் அடங்கிவிடும். இறக்காமத்துக் குளக்கட்டில் நெல் ஏற்றி வந்த லொறி ஒன்று சரிந்து விழுந்து, பல மாதம் தூக்குவாரில்லாமல் கிடந்தது. யானை வந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அந்த லொறியின் வில்லுத் தகட்டில் ஒரு துண்டு என் கைக்கு வந்தது. காரைதீவுப் பக்கம் ஒரு கொல்லர் அதில் எனக்கு அலகு அடித்துத் தந்தார். பிடி மாட்டுக்கொம்பு. லொறி வில்லு என்றால் சும்மா இல்லை. மூடை மூடையாக நெல்லின் பாரத்தை நாள் முழுக்கத் தாங்கி, வளைந்து, திரும்ப நிமிர்கிற உருக்கு அது. கொல்லர் அதைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தபோது எழுந்த புகையில் நான் இருமிக்கொண்டே நின்றேன்.

"தம்பி, இது கறள் பிடிக்கும். கறுக்கும். ஆனா சொல்லுக் கேக்கும்" என்றார்.

துருவைத்தான் நாங்கள் கறள் என்போம். அவர் சொன்னது உண்மைதான். ஒரு பலகையில் கடற்கரை வெள்ளை மணலைத் தூவி நாலு இழுப்பு இழுத்தால் போதும், கைமயிரை வழிக்கும். அந்த நாளில் எனக்குச் சவளக்கடைப் பக்கத்துக் களங்களில் நெல் வாங்கி மூடை கட்டுகிற வேலை. சணல் அறுக்கவும், பாக்குச் சீவவும், காலில் ஏறிய முள்ளை எடுக்கவும் அதுதான். சூறாவளி அடித்து ஊரே குப்புறக் கிடந்த வருசம், விழுந்த கூரைகளுக்குக் கீழே சிக்கிய மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டதும் அதுதான். அதற்குப் பிறகுதான் எங்கள் ஒழுங்கையில் அந்தக் கத்திக்கு ஒரு பேர் வந்தது.

பேர் என்றால் வேறொன்றுமில்லை, கோழி அறுக்க என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கோழி அறுப்பதில்லை. ஆண் ஒருவர் பிஸ்மில்லாச் சொல்லி ஒரே இழுப்பில் அறுத்துக் கொடுக்க வேண்டும். இடையில் கத்தியை எடுக்கக் கூடாது. கத்தி மொட்டையென்றால் கோழிக்கும் வதை, இறைச்சியிலும் சந்தேகம். ஆகவே வெள்ளிக்கிழமைக் காலைகளில் கோழியைச் சிறகில் பிடித்துக்கொண்டு பெண்கள் எங்கள் வேலியடியில் வந்து நின்று, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவார்கள்.

"காக்கா, இத ஒருக்கா அறுத்துத் தாங்க."

"ஏன், பக்கத்து வளவுல ஆம்புள இல்லயா?"

"இரிக்கி. அவர் அறுத்தா கோழி எழும்பி அவரத் துரத்துது. ஒங்கட கத்தியெண்டா கோழிக்கே தெரியாது."

எங்கள் ஊர் வழக்கப்படி நான் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தவன். மாமாவுக்கு மூன்று மகள்மார். மூத்தவள் என் மனைவி. அந்த வளவில் கிணறு அவர்களுடையது, தென்னை அவர்களுடையது, படுக்கிற பாயும் அவர்களுடையது. எனக்கென்று இருந்தது வேலியடியில் கேட்கிற அந்தக் கூப்பாடு ஒன்றுதான்.

அப்படியிருக்கும்போது இரண்டாவது மகளின் மாப்பிள்ளை சவூதியில் இரண்டு வருசம் வேலை செய்துவிட்டு வந்து இறங்கினார். அவரை நான் தம்பி என்பேன், அவர் என்னைக் காக்கா என்பார். ரேடியோ, அத்தர், மினுங்குகிற சேலைத் துணி, எல்லாம் வந்தது. அதற்கெல்லாம் நான் எரிச்சல்படவில்லை. அவை என்னிடம் முன்பும் இல்லாதவை. அன்றைக்குப் பகல், ஒரே தட்டைச் சுற்றிச் சாப்பிடுகிற வழக்கப்படி மாமாவும் நாங்களும் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து ஒற்றை விரலால் திறந்தார். வெள்ளை வெளேரென்று ஒரு வில்லுக்கத்தி. என் முகம் அதில் தெரிந்தது. அது நல்ல முகமாக இல்லை.

மாமி ஒரு மாங்காயைக் கொண்டுவந்து வைத்தா. பாதியை அவர் சீவினார். மற்றப் பாதியை, யாரும் கேட்காமலே, நான் சீவினேன். சோறு ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, என் பாதி கரி பூசினதுபோல் கறுத்துவிட்டது. அவருடைய பாதி சீவின நிறத்திலேயே இருந்தது.

"இது என்ன, ஒரு பக்கம் மையத்து மாதிரிக் கிடக்கு?" என்றா மாமி.

"இது ஸ்டெயின்லெஸ், மாமி. கறுக்காது, கறளும் பிடிக்காது" என்றார் தம்பி.

மாமா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மூத்தவர்ர கத்தி விழுந்த லொறியில எடுத்தது. லொறியே தப்பல்ல, மாங்கா தப்புமா?"

எல்லாரும் சிரித்தார்கள். கதவடியில் நின்ற என் மனைவியும் சிரித்தாள். மாமா சொன்னதை விட அவள் சிரித்ததுதான் எனக்குள்ளே கிடந்தது.

கறள் பிடிக்காது என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. எங்கள் கடற்காற்றில் கதவுப் பூட்டே வருசத்துக்கு ஒன்று போய்விடும். சணல் அறுக்க என்று சொல்லி அவரிடம் கத்தியை இரவல் வாங்கினேன். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கடல் தண்ணீர் எடுத்து, இரண்டு கத்திகளையும் அதற்குள் போட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைத்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். சிரட்டைத் தண்ணீர் தேயிலைச் சாயம்போலச் சிவந்திருந்தது. அவ்வளவும் என் கத்தி விட்ட கறள். அவருடையது புதுமாப்பிள்ளை குளித்துவிட்டு எழுந்த மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. என் கத்தியை மணல் போட்டுத் தேய்த்தேன். அலகு வெளுத்தது. மடக்குகிற பொருத்துக்குள் போன உப்பு மட்டும் போகவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலியடியில் சத்தம் கேட்டு எழும்பினேன்.

"நீங்க இரிங்க காக்கா. சவூதிக்காரர் இரிக்கிறாரா? அவரக் கொஞ்சம் கூப்பிடுங்க."

கூப்பிட்டுக் கொடுத்தேன். பிறகு உள்ளே போய் என் கத்தியைக் கூரை வளையில் செருகிவிட்டேன். இனி அதை எடுப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சணலைப் பல்லால் கடித்து அறுத்தேன். மனைவி கேட்டாள், "கத்தியோட என்ன கோவம் ஒங்களுக்கு?" நான் பல்லுக்கு இடையில் சணல் இருந்ததால் பதில் சொல்லவில்லை.

மாதங்கள் போயின. அவருடைய கத்தி மொட்டையாகிக்கொண்டு வந்ததை அந்த ஒழுங்கையில் முதலில் கண்டவன் நான்தான். வேறு யார் அதை அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? முதலில் ஒரே இழுப்பில் போனது. பிறகு இழுக்கும்போது அவருடைய முழங்கை கொஞ்சம் உயர்ந்தது. தீட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. மினுக்கம் குறையாத கத்தி கூரும் குறையாது என்று நினைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்ததை மறைக்கப் போவதில்லை.

அந்த நேரம் மூன்றாவது மகளுக்கு மருதமுனையில் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள், ஆறு கோழி அறுக்க வேண்டும் என்று மாமா சொன்னார். முதல் நாள் தம்பி கத்தியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"காக்கா, கூர் கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இரிக்கி. எனக்குத் தீட்டத் தெரியா. ஒங்கட கையால ஒருக்கா தீட்டித் தாங்களன்."

கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். பலகையில் மணல் தூவி இழுத்தேன். அந்த உருக்கு மணலுக்கு அசையவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. எங்கள் பக்கத்தில் முடி வெட்டுகிற ஒஸ்தாவிடம் சவரக்கத்தி தீட்டுகிற நல்ல கல் இருந்தது. அந்தக் கல்லுக்குத்தான் இது மசியும் என்று எனக்குத் தெரியும். நாலு வீடு தள்ளித்தான் ஒஸ்தா. நான் போகவில்லை. தேங்காய் எண்ணெயை அலகில் பூசி, துணியால் துடைத்து, இன்னும் மினுங்க வைத்துக் கொடுத்தேன்.

"சரி, நல்ல பதமாயிட்டு" என்றேன்.

மறுநாள் காலை கிணற்றடியில் எல்லாரும் நின்றார்கள். கோழியின் காலை நான்தான் பிடித்திருந்தேன். தம்பி பிஸ்மில்லாச் சொல்லி இழுத்தார். தோலில் வழுக்கியது. திரும்ப இழுத்தார். கத்தியை எடுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் தரம் வைத்தார். கோழி என் கையைக் கீறிக்கொண்டு திமிறியது. அந்தத் துடிப்பு என் உள்ளங்கையில் ஏறியது. அதுவரை இருந்த சந்தோசம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"காணும், நிப்பாட்டுங்க" என்றார் மாமா. "கத்தி எடுபட்டுப் போச்சு. சந்தேகமான இறைச்சி வாற மனிசருக்கு வாணாம். இதத் தென்னையடியில குழி தோண்டித் தாட்டுப் போடுங்க." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "மூத்தவர்ர கத்தி எங்க? அதக் கொண்டு வாங்க கெதியா."

எட்டு மாதமாக நான் காத்திருந்த கூப்பாடு அது. ஓடினேன். கூரை வளையிலிருந்து இழுத்தெடுத்து எல்லாருக்கும் முன்னால் நகத்தைக் கொடுத்துத் திறக்கப் பார்த்தேன். அது திறக்கவில்லை. சிரட்டையில் ஏறிய உப்பு பொருத்தைத் தின்று இறுக்கியிருந்தது. பல்லால் இழுத்தேன். மாமி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டா. அழுகிறாவா சிரிக்கிறாவா என்று நான் பார்க்கவில்லை.

கடைசியில் பக்கத்து வளவு இறைச்சிக்கடைக்காரர் வந்து மிச்சம் ஐந்தையும் அறுத்துக் கொடுத்தார். கோழிக்கறியை மருதமுனைக்காரர்கள் நன்றாகவே சாப்பிட்டார்கள். பிறகு கலியாணமும் முடிந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் போன அன்று பின்னேரமே மாமா தம்பியிடம் கொஞ்சம் கடுமையாகக் கதைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"பிழ என்ட, மாமா. காக்கா நல்லாத்தான் தீட்டித் தந்த. எனக்குத்தான் கை பழக்கமில்ல" என்றார் அவர்.

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மனைவி மட்டும் உள்ளே வந்து கேட்டாள்: "நீங்க தீட்டினா கத்தி வழுக்குமா?" நான் சட்டையைத் தேடினேன்.

மறுநாள் தம்பியின் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒஸ்தாவின் வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் காலையில் அந்தக் கல்லில் எண்ணெய் விட்டு, உட்கார்ந்திருந்து தீட்டினேன். என் லொறி வில்லு நாலு இழுப்பில் கூராகும், பத்து மூடைச் சணலில் மழுங்கும். இந்த வெள்ளை உருக்கு அப்படியில்லை. கல்லோடு நெடுநேரம் பிணங்கியது. ஆனால் ஒருதரம் கூர் ஏறிவிட்டால் இறங்குவதற்கும் அதே அளவு மனமில்லாமல் இருந்தது. என்னுடையதை விட நல்ல உருக்கு என்று ஒஸ்தாவின் வாசலில் இருந்தபோதுதான் ஒத்துக்கொண்டேன். வாய்விட்டு அல்ல. என் கத்தியையும் எண்ணெயில் ஊறப்போட்டுத் திறந்தெடுத்தேன். அலகில் கறள் தின்ற குழிகள் இருந்தன.

தீட்டின கத்தியை நான் கொடுத்தபோது தம்பி விரலால் தடவிப் பார்த்தார். இரத்தம் எட்டிப் பார்த்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். முதல் தரம் என்ன நடந்தது என்று அவருக்கு அப்போது விளங்கியிருக்கும். கத்தியை மடக்கிப் பையில் போட்டார். திரும்பச் சவூதிக்குப் போகிற அன்று, வாகனத்தில் ஏறுவதற்கு முன் அதை என் கையில் வைத்தார்.

"இத நீங்க வெச்சிக்கங்க, காக்கா. என்னட்ட இருந்தா மொட்டையாப் போகும்."

இதிலும் அவர்தான் முந்திக்கொண்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலியடியில் கூப்பாடு கேட்டது. "காக்கா, ஒருக்கா வாங்க." மடியிலிருந்து என் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் கோழியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கோவிக்காதீங்க காக்கா. தம்பி தந்த வெள்ளக் கத்தி இரிக்கிதாமே, அதால அறுங்களன்."

உள்ளே போய் எடுத்து வந்தேன். ஒரே இழுப்பில் போனது.

"அந்தாப் பாருங்க, சவூதிக் கத்தியிட கூர" என்றாள்.

கூர் என்னுடையது. நான் சொல்லவில்லை. கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி வைத்தேன்.